வழுக்கிய மீன்

அன்புள்ள லொரெட்டா,

நான் நலம். உன் முதுகுவலி தேவலையா? போனில் சொல்ல வாய் வராததால் எழுதுகிறேன். நம் மகள் ஏடாவின் பிறந்தநாளுக்கு நான் வராததற்கு வேலை காரணமில்லை; உன்னிடம் சொன்னது பொய். அன்று காலை, கூட வேலை செய்யும் வெண்டலின் படகில் கிளப் மீன்பிடிப் போட்டிக்குப் போயிருந்தேன்.

விடிந்ததும் என் தூண்டிலில் ஆறு பவுண்டு பாஸ் மீன் மாட்டியது. எடை போட்டிருந்தால் கோப்பை எங்களுக்குத்தான். ஆனால் ஜெயித்தவர்கள் படத்தைப் பேஸ்புக்கில் போடுவார்கள். நீ பார்த்துவிடுவாய் என்று பயந்து, முள்ளைக் கழற்றித் தண்ணீரிலேயே விட்டுவிட்டேன்.

"வழுக்கிருச்சு," என்றேன்.

பதினோரு வருஷமாக ஒருமுறைகூட ஜெயிக்காத வெண்டல், "விடுப்பா, எல்லாருக்கும் நடக்கறதுதான்," என்று கரை வரைக்கும் என்னையே தேற்றிக்கொண்டு வந்தார்.

உன் வீட்டில் விட்டுவந்த என் பழைய தொப்பியை அனுப்பச் சொல்ல நினைத்தேன். வேண்டாம், வெள்ளிக்கிழமை நானே வருகிறேன். கதவைத் திறப்பாய்தானே?

உன் கிளே