எட்டு விடியல்களில் பெய்த மழை

இன்று காலை மழைமானியைத் துப்புரவாக்கத் திறந்தேன். ஐப்பசி பிறக்குமுன் செய்துவிட வேண்டிய வேலை. புனலில் சருகும் உள்ளே எறும்பும் சேர்ந்துவிடும். மேல்மூடியைத் தூக்கி, உள்ளே தராசுத் தட்டுப்போல மாறி மாறிச் சாயும் அந்தச் சின்ன வாளியைக் கையில் எடுத்தால் அடியில் மஞ்சள் கறை. வெயில் படாத இடமென்பதால் அப்படியே கிடந்தது. சவர்க்காரம் போட்டுத் தேய்த்தேன், போகவில்லை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. விறாந்தையில் பேப்பர் வாசித்துக்கொண்டிருந்த இவர் தலையை நிமிர்த்தி, தனிய நின்று சிரிக்க என்ன வந்தது என்று கேட்டார். நீர் விட்டுப்போன மஞ்சள் இன்னும் கிடக்கிறது என்று அவருக்குச் சொன்னேன். அவரும் சிரித்தார்.

நீர் என்று நான் வாழ்க்கையில் அழைத்தது இரண்டு பேரைத்தான். விடிய எழுந்து ஜெபத்தில் ஆண்டவரை. பிறகு எட்டரைக்குப் பின்வேலியடியில், அடுத்த வீட்டிலிருந்த உம்மை. இதை ஒருமுறை உம்மிடம் சொன்னபோது, "அவரிட்டைக் கேக்க முதல் என்னட்டை ஒருக்காக் கேட்டுப்பாரும், கெதியா நடக்கும்" என்றீர். ஆண்டவரை வைத்துப் பகிடியா என்று முகத்தைக் கடுமையாக்கிக்கொண்டு உள்ளே வந்து, குசினிக்குள் நின்று சிரித்ததை உமக்குச் சொல்லவே இல்லை. இப்போது சொல்கிறேன்.

எட்டரைக்கு நீர் கேட்பது ஒரே கேள்விதான்: "எத்தனை?" வெட்டிய போத்தலும் அடிமட்டமும் வைத்து அளந்து, கொப்பியில் எழுதி, மில்லிமீற்றரை நான் சொல்லுவேன். ஐந்துக்குக் கீழே என்றால் வெங்காயத்துக்கு நீர் பம்ப் போடுவீர். மேலே என்றால் போடமாட்டீர். பருத்தித்துறையில் தமக்கை வீட்டில் நின்ற கிழமையும் விடாமல் தொலைபேசியில் கேட்டீர். அன்றுதான் நான் இரண்டைப் பன்னிரண்டு என்று வாசித்தேன். பம்ப் போட வேண்டாமென்று தோட்டத்து ஆளுக்கு நீர் சொல்லிவிட்டீர். திரும்பி வந்தபோது ஒரு பாத்தி நாற்று வாடிச் சுருண்டிருந்தது. நீரோ, "இனிக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசியும்" என்றதோடு விட்டுவிட்டீர். அன்றிலிருந்து பிழையான இலக்கம் என்றாலே எனக்குப் பயம்.

அந்தப் பயத்தில்தான் வானிலைப் பெட்டி வீட்டுக்கு வந்தது. வேலியோரம் இடுப்பளவு உயரக் கம்பத்தில் மழைமானி. வீட்டுக்குள் அதன் கணக்கை வாங்கி எழுத, என் ஜெபப் புத்தகத்தைவிடச் சின்னதாக ஒரு கணினி. அதற்குள் போடவேண்டிய மென்பொருளின் விளக்கம் முழுவதும் ஆங்கிலம். சாதாரண தரப் பரீட்சையோடு படிப்பை நிறுத்திய நான், தெரியாத சொல்லையெல்லாம் கொப்பியில் எழுதி அகராதியில் பார்த்து ஒவ்வொரு வரியாகப் போனேன். நிலையத்தின் பெயர் கேட்டது, கடல்மட்டத்திலிருந்து எவ்வளவு உயரம் என்று கேட்டது, அகலக்கோடு கேட்டது, நெடுங்கோடு கேட்டது. இந்த இரண்டையும் இடம் மாற்றி எழுதிவிட்டேன். ஒன்பதரை சொச்சம் இருக்கவேண்டிய இடத்தில் எண்பது. வட்டுக்கோட்டையில் இருந்த வீட்டை வடதுருவத்துப் பனியில் கொண்டுபோய் வைத்துவிட்டேன் என்பது எனக்கு எங்கே தெரியும்? திரையில் இன்று சூரியன் உதிக்காது என்று வந்தது. கார்த்திகை மாதம், வானம் மப்பு வேறு. இவர் எழுந்து யன்னலால் எட்டிப் பார்த்தார்.

நீர் ஓடிப்போய்ப் பஞ்சாங்கத்தோடு வந்தீர்.

"இதிலை ராகு காலம் கிடக்கு, அட்டமி நவமி கிடக்கு. சூரியன் வராத நாள் எண்டு ஒண்டும் இல்லை. உம்மடை பெட்டி எந்தச் சமயம்?"

கோட்டுப் பிழையைக் கண்டுபிடித்துத் திருத்திய பிறகு சூரியன் ஒழுங்காக உதித்தது. அடுத்த பிரச்சினை மழை. நாள்தோறும் விடிய ஐந்தே முக்காலுக்குப் புள்ளி இரண்டு மில்லிமீற்றர். அந்தச் சின்ன வாளி ஒருதரம் சாய்ந்தால் வருகிற அளவு அது. வானம் துடைத்துவிட்டதுபோல இருக்கும், கூரைத் தகரம் காய்ந்திருக்கும், பெட்டி மட்டும் மழை என்று சொல்லும். நேரத்தைச் சரிபார்த்தேன். அலகைப் பார்த்தேன். காற்றில் கம்பம் ஆடுகிறதோ என்று இவரைக் கொண்டு கயிறு போட்டுக் கட்டுவித்தேன். மென்பொருளை அடியோடு எடுத்துவிட்டுத் திரும்பவும் போட்டேன். எட்டரைக்கு நீர் வந்து "எத்தனை?" என்பீர். புள்ளி இரண்டு என்பேன். "நான் வெள்ளனவே எழும்பினனான், ஒரு துளியும் காணேல்லை" என்று நீரும் கவலைப்படுவீர். உண்மையாகத்தான் கவலைப்பட்டீர், அதுதான் வேடிக்கை.

எட்டாம் நாள், ஜெபத்தை முடித்துக்கொண்டு குசினி யன்னலடியில் நின்றேன். வேலிக்கு மேலால் முதலில் ஒரு செம்பு வந்தது. பிறகு மாவிலை பிடித்த கை. இலையைத் தோய்த்துத் தோய்த்து என் மழைமானிக்கு மேல் மூன்று தரம் தெளித்தீர். நான் போய் நின்றதும் நீர் கொஞ்சமும் அசையவில்லை.

"புதுச் சாமான். மஞ்சள் தண்ணி தெளிக்காமல் விடலாமே? நீங்கள் வேதக்காறர், தெளிக்கமாட்டியள். அதுக்காகக் கண்ணூறு படாமல் விடுமே?"

நீர் தெளித்ததைத்தான் பெட்டி மழையென்று எட்டு நாளாக எழுதிக்கொண்டிருக்கிறது என்று விளங்கப்படுத்தினேன். வெட்கப்படுவீர் என்று நினைத்தேன். உம்முடைய முகம் மலர்ந்ததை இன்றைக்கும் மறக்கமுடியவில்லை.

"அப்ப என்னையும் எழுதிப்போட்டுதே?"

அழிக்கத்தான் வேண்டும் என்றேன். அப்போதுதான் வேலியைப் பிடித்துக்கொண்டு சொன்னீர்:

"அழிச்சுப்போடாதையும். நானும் எட்டு நாள் மழையாப் பெய்தனான் எண்டு ஒரு இடத்திலை கிடக்கட்டும்."

சரி என்றேன். சொன்ன சொல்லுக்காக அந்த எட்டு வரிகளையும் தொடாமலே விட்டிருந்தேன். நீர் கண்ணை மூடி ஒரு வருஷமும் ஆகிவிட்டது. போன கிழமை கணினியின் நினைவக அட்டை பழுதாகிவிட்டது. பதிவுகளின் பிரதி வேறாக இருந்ததால் ஒன்றும் போகவில்லை. ஆனால் புது அட்டை போட்டு எல்லாவற்றையும் முதலிலிருந்து அமைக்கவேண்டும். அதே கிழமையில் ஊர்க் கமக்காரர் சங்கத்திலிருந்து ஆட்கள் வந்து, இதுவரையான மழைக்கணக்கு முழுவதையும் தரமுடியுமா என்று கேட்டார்கள். இந்த முறை வெங்காயம் நடுகிற நாளை அதைப் பார்த்துத்தான் முடிவு செய்யப்போகிறார்களாம். என் இலக்கத்தை நம்பி ஊரே பம்பை நிறுத்தும், போடும். அந்தக் கணக்குக்குள் பெய்யாத மழை எட்டு வரி.

புள்ளி இரண்டு ஒரு பாத்தியையும் வாடவைக்காது என்று இவர் சொன்னார். பன்னிரண்டும் ஒருநாள் இரண்டாகத்தான் இருந்தது என்றேன். பொய்யென்று தெரிந்த ஒன்றைச் சங்கத்துக்குக் கொடுத்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை கோவிலில் எப்படி முழங்காலில் நிற்பது? அழித்தாலோ உமக்குக் கொடுத்த வாக்குப் போய்விடும். இன்று மழைமானியைக் கழுவிப் பூட்டிவிட்டு, அகலக்கோட்டை அகலக்கோட்டின் இடத்திலேயே எழுதி, பதிவுகளைப் புது அட்டைக்கு மாற்றி, அந்த எட்டு வரிகளுக்கு முன்னால் கனநேரம் இருந்தேன். ஜெபமும் பண்ணினேன். பதில் என்னுடைய கொப்பியிலேயே இருந்தது. என் கணக்குக் கொப்பி எதிலும் நான் அழிறப்பர் பாவித்தது கிடையாது. பிழையை வாசிக்கக்கூடியதாக ஒரு கோடு கிழித்துவிட்டு, சரியானதைப் பக்கத்தில் எழுதுவேன். பிழை நடந்தது என்பதும் கணக்குத்தானே?

பதிவேட்டில் மழை அளவுக்குப் பக்கத்தில் குறிப்பு என்று புதிதாக ஒரு நிரல் சேர்த்தேன். எட்டு நாளுக்கும் மழை என்ற இடத்தில் பூச்சியம் போட்டேன். பக்கத்தில் புள்ளி இரண்டு என்று எழுதி, அது எதிலிருந்து வந்தது என்று ஒரே சொல்லில் குறித்தேன்: "நீர்." சங்கத்தார் பார்த்தால் தண்ணீர் என்று நினைத்துக்கொள்வார்கள். அதுவும் பிழையில்லை.

எல்லாம் முடிந்ததும், ஒருக்கால் தண்ணீர் விட்டுப் பார்த்தால்தான் வாளி சாய்கிறதா என்று தெரியும் என்று இவரைக் கூப்பிட்டேன். செம்போடு வந்தார். மற்றக் கையில் குசினியில் மஞ்சள்தூள் வைக்கிற பேணி.

"வெறுந்தண்ணியோ?" என்று கேட்டார்.

கொஞ்சம் போடுங்கோ என்றேன். வேலிக்கு மேலால் உம்முடைய மாமரம் எட்டிப் பார்த்துக்கொண்டு நிற்கிறது; கைக்கெட்டிய கொப்பில் ஓர் இலை பறித்தேன். தோய்த்து மூன்று தரம் தெளித்தேன். உள்ளே டிக் என்று ஒரு சத்தம். திரையில் புள்ளி இரண்டு.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இன்னொருதரம் வாசித்தேன். பிறகு இன்றைய பதிவிலும் மழைக்குப் பூச்சியம் போட்டு, ஒன்பதாவது வரியாக அதே சொல்லை எழுதினேன்.