அப்பாவைக் கடித்த மகாராணி

அன்பு மகளுக்கு அம்மா எழுதறது. நான் நல்லா இருக்கேன், உன் பூனை மகாராணி ரொம்ப நல்லா இருக்கா, உங்க அப்பாவும் இப்போ நல்லா இருக்கார். அது என்ன "இப்போ"ன்னு நீ கேப்பே, அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். நீ நேரத்துக்குச் சாப்பிடறியா, தூங்கறியா, குளிருக்குக் காலுறை போடறியான்னெல்லாம் கேக்கணும், கேட்டதா வெச்சுக்கோ. போன்லயே சொல்லியிருக்கலாம், ஆனா நான் போனைக் கையில எடுத்தாலே உங்க அப்பா தையல் மெஷினை நிறுத்திட்டு வந்து பக்கத்துல நின்னு கண்ணை உருட்டறார். நான் வாயைத் திறக்கறதுக்குள்ள பிடுங்கி, எல்லாரும் சௌக்கியம்மான்னு சொல்லி வெச்சுடறார். இப்போ நூல் வாங்கக் கடைக்குப் போயிருக்கார், வர்றதுக்குள்ள எழுதி முடிக்கணும். பயப்படாதே, பயப்பட வேண்டிய கட்டமெல்லாம் தாண்டியாச்சு, இனிமே நீ தாராளமா சிரிக்கலாம்.

போன மாசம் ஒரு நாள் ஜன்னலைச் சாத்த நான் மறந்துட்டேன்னு அவர் சொல்றார், அவர்தான் மறந்தார்னு நான் சொல்றேன், யாரோ மறந்தோம், மகாராணி வெளியே குதிச்சுட்டா. எதிர் வீட்டு எலக்ட்ரீஷியனோட ஷெட் கூரை மேல ஏதோ ஒரு தெருப்பூனையோட கட்டிப் புரண்டு, காது கிழிஞ்சு வந்து சேர்ந்தா. அந்தத் தெருப்பூனை எங்கேருந்து வந்துச்சு, எங்கே போச்சு, யாருக்கும் தெரியாது. இவளுக்குத்தான் ரேபிஸ் ஊசி போட்டாச்சே, நானே பையில தூக்கிட்டுப் போய்ப் போட்டுட்டு வந்தேனேன்னு உங்க அப்பா மார்தட்டினார். அவர் பையைத் தூக்கிட்டுப் போனது எனக்கும் ஞாபகம் இருந்துச்சு, விட்டுட்டேன். அப்புறம் சில வாரம் கழிச்சு, பள்ளிக்கூட யூனிஃபார்ம் தைச்சதுல மிஞ்சின துணியைப் பார்த்ததும் அவருக்கு ஞானோதயம் வந்துடுச்சு. குளிர்காலம் வருது, பூனைக்கு ஒரு கோட்டு தைக்கணுமாம். பூனைக்கு மணி கட்ட எலிங்களே யோசிச்சுதுங்க, இந்த மனுஷன் யோசிக்கவே இல்லை, டேப்பைத் தூக்கிக்கிட்டு மார்பு அளவு எடுக்கப் போயிருக்கார், அதுவும் அவ தட்டுல வாயை வெச்சிருக்கற நேரத்துல. கட்டைவிரலைக் கவ்வி ஒரே கடி.

நான் ஸ்கூல் வேனைக் கொண்டுவந்து நிறுத்திட்டு உள்ளே வர்றேன், திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி உட்கார்ந்திருக்கார். கட்டைவிரல்ல லைனிங் துணி, சும்மா சுத்தலை, அளவா வெட்டி, ஓரம் மடிச்சு, அழகா தைச்சு மாட்டியிருக்கார். என்னன்னு கேட்டா மெஷின் ஊசி குத்திடுச்சுன்னார். கழட்டுங்கன்னேன், மாட்டேன்னார். நான் கழட்டினேன். மேல ரெண்டு ஓட்டை, கீழ ரெண்டு ஓட்டை, எந்த ஊரு மெஷின் ஊசிய்யா இப்படி ரெண்டு பக்கமும் குத்தும்னு கேட்டேன். பூனை கண்ணை மூடிக்கிட்டா உலகமே இருண்டு போச்சுன்னு நினைக்குமாம், நம்ம வீட்டுல பூனை முழிச்சுக்கிட்டுதான் இருக்கு, இவர்தான் கண்ணை மூடிக்கிட்டார். தரதரன்னு குழாயடிக்கு இழுத்துட்டுப் போய், தண்ணியைத் திறந்துவிட்டு சோப்புப் போட்டுக் கால்மணி நேரம் கழுவினேன். வேன்ல வர்ற பிள்ளைங்களுக்காக ஸ்கூல்ல எங்களுக்கு முதலுதவி சொல்லிக் கொடுத்தாங்களே, அதுல மனசுல நின்னது இது ஒண்ணுதான். எரியுதுன்னு கத்தினார், எரியட்டும்னேன். ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கன்னா, ஊசி போட்ட பூனை கடிச்சா என்னவாம், நாய் கடிச்சாத்தானே அந்த வியாதின்னு வியாக்கியானம் பண்றார். சரி, முதல்ல பூனை டாக்டரம்மாகிட்டயே கேட்டுடலாம்னு ரெண்டு பேரையும் வேன்ல ஏத்தினேன்.

அங்கேதான் மானம் போச்சு. டாக்டரம்மா மகாராணியைத் தூக்கிப் பார்த்தாங்க, வாலைத் தூக்கிப் பார்த்தாங்க, அப்புறம் உங்க அப்பாவைப் பார்த்தாங்க. போன தடவை நீங்க கொண்டுவந்தது ஆண் பூனையாச்சே, என் கையைப் பிறாண்டினானே எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு, இது பொண்ணு, இவளை நான் பார்த்ததே இல்லைன்னுட்டாங்க. எனக்கு அப்போதான் பொறி தட்டுச்சு. எலக்ட்ரீஷியன் வீட்டுலயும் இவளை மாதிரியே ஒரு கருப்புப் பூனை இருக்குல்ல, தடியன், நம்ம வீட்டுல வந்து சாப்பிட்டுட்டு உங்க அப்பா கட்டிங் மேசை மேலயே தூங்குவானே, அவனைத்தான் இந்த மனுஷன் பையில போட்டுத் தூக்கிட்டுப் போயிருக்கார்! வாசல்ல நடந்து போறவங்களைப் பார்த்தே இடுப்பு இத்தனை இஞ்ச்னு சொல்ற கண்ணுடி அது, சொந்தப் பூனை ஆணா பொண்ணான்னு தெரியலை. பின்னாடி எலக்ட்ரீஷியன்கிட்ட சொன்னப்போ அவர் தலையில கை வெச்சுக்கிட்டு, நானும் அதே மாசம் அவனுக்கு ஊசி போட்டேனே, அதான் பய ரெண்டு நாள் சுருண்டு கிடந்தான், காதல் தோல்வின்னு நினைச்சு ஆறுதல் சொல்லிக்கிட்டு இருந்தேன்னு சொன்னார்.

ஆனா அன்னைக்கு எனக்குச் சிரிப்பு வரலைடி. டாக்டரம்மா சிரிக்காம சொன்னாங்க, ஊசி போடாத பூனை, எங்கேயோ சண்டை போட்டு வந்திருக்கு, நாய்க்கு மட்டும் இல்லை, பூனைக்கும் ரேபிஸ் வரும், பூனை கடிச்சு மனுஷனுக்கும் வரும், வந்து வெளியே தெரிஞ்சதுக்கப்புறம் காப்பாத்த மருந்து இல்லைன்னே வெச்சுக்கோங்க, வர்றதுக்கு முன்னாடி ஊசி போட்டாத்தான் உண்டு, இப்பவே போங்கன்னாங்க. அந்த நிமிஷமே ரெண்டு பேரையும் திரும்ப வேன்ல ஏத்திட்டேன். இவர் என்னடான்னா, யூனிஃபார்ம் ஆர்டர் நிக்குது, நாளைக்குப் பார்த்துக்கலாம்னு வேனை விட்டு இறங்கப் பார்க்கறார். இறங்க முடியலை. பிள்ளைங்க இறங்கி ஓடாம இருக்க கதவுல ஒரு பூட்டு இருக்கே, உள்ளேருந்து திறக்க வராது, அதைப் போட்டுட்டேன். வழியெல்லாம் சிக்னலுக்கு சிக்னல் ஜன்னல்ல தட்டறார், பக்கத்து வண்டிக்காரங்க, என்னம்மா ஸ்கூல் பிள்ளைக்கு மீசை நரைச்சிருக்குன்னு கேக்கறாங்க. முன் சீட்டுல கூடைக்குள்ள மகாராணி, ஊர்வலம் போற மாதிரி தலையை நீட்டிப் பார்த்துக்கிட்டு வர்றா.

ஊசிக்குப் பயப்படறார்னுதான் நான் நினைச்சேன். நாளெல்லாம் ஊசியைப் பல்லுல கடிச்சுக்கிட்டு வேலை பார்க்கற ஆளுக்கு இப்படி ஒரு பயமான்னு ஆஸ்பத்திரி டாக்டர் முன்னாடியே திட்டினேன். டாக்டர் எந்தப் பூனை, எங்கே இருக்குன்னு கேட்டார். உங்க அப்பா வெளியே நிக்கற வேனை எட்டிப் பார்த்தார். திரும்பக் கேட்டதும், பூனையைப் பிடிச்சுக் கொண்டு போயிடுவீங்களா சார், அது என்னோடது இல்லை, என் பொண்ணு என்னை நம்பி விட்டுட்டுப் போனது, போன் பண்ணினா அவ முதல்ல அதைத்தான் கேப்பா, நான் என்ன பதில் சொல்வேன்னு கேட்டார். கண்ணெல்லாம் கலங்கிப் போச்சு. அதுக்குத்தான் மறைச்சிருக்கார், பாவி மனுஷன். டாக்டர் அவர் தோளைத் தட்டி, யாரும் கொண்டு போக மாட்டாங்க, வீட்டுலயே அடைச்சு வெச்சுப் பத்து நாள் பாருங்க, கடிச்ச பூனை பத்து நாளும் நல்லா இருந்தா இந்தக் கடியால பயம் இல்லை, ஆனா அதுவரைக்கும் ஊசிக்குக் காத்திருக்கக் கூடாதுன்னு சொல்லி, கடிச்ச இடத்தைச் சுத்தி ஒண்ணு, கையில ஒண்ணுன்னு அன்னைக்கே போட்டுட்டார்.

அந்தப் பத்து நாள் இருக்கே, அப்பப்பா. மகாராணியை உன் அறையில வெச்சுப் பூட்டினோம். குணம் மாறினா, எச்சில் ஒழுகினா, தண்ணி குடிக்க முடியாம திணறினா உடனே சொல்லணும்னு டாக்டரம்மா சொல்லியிருந்தாங்க. இவ பிறந்ததுலேருந்து சிடுமூஞ்சி, சீறினா மாறின குணமா பழைய குணமான்னு எப்படிக் கண்டுபிடிக்கறது? தினம் சீறுவா, நாங்க அப்பாடான்னு கதவைச் சாத்துவோம். ஒரு நாள் காலையில உங்க அப்பா தட்டு வைக்கப் போறார், ஓடி வந்து அவர் காலை உரசிக்கிட்டுக் குழையறா. அவ்வளவுதான், தட்டைப் போட்டுட்டு டாக்டரம்மாவுக்கு போன், அம்மா எங்க பூனை பாசமா இருக்கு, சீக்கிரம் வாங்கன்னு. அவங்களும் பதறி வந்து ரொம்ப நேரம் பார்த்தாங்க. சாப்பிடறா, தண்ணி குடிக்கறா, பூட்டி வெச்சதுல ஆள் தேடியிருக்கா, அவ்வளவுதான்னு சொல்லிட்டுச் சிரிச்சாங்க. கிளம்பறப்போ மகாராணி அவங்களைப் பார்த்துச் சீறினா, எங்களுக்குப் போன உயிர் திரும்பி வந்துச்சு.

பத்து நாளும் ஒண்ணும் ஆகலை. அது முடிஞ்சதும் மகாராணிக்கு ஊசி போட்டாச்சு, இந்தத் தடவை வாலைத் தூக்கிப் பார்த்துக் கூடையில வெச்சது நான். இன்னும் சில மாசம் வெளியே விடவே கூடாதாம், அந்தச் சண்டையால, ஜன்னலுக்கு எலக்ட்ரீஷியன் வலை அடிச்சுக் கொடுத்துட்டார். உங்க அப்பாவுக்குக் கடைசி ஊசி ஒண்ணு பாக்கி, அதுக்கும் வேன்லதான் போறோம், கதவைப் பூட்டித்தான்.

நீ ஆபீஸ் வாசல்ல ஏதோ குட்டிக்குச் சோறு வைக்கறதா சொன்னியே, வை, வேண்டாம்னு சொன்னா கேக்கவா போறே, ஆனா தூக்காதே, கொஞ்சாதே. கடிச்சாலோ பிறாண்டினாலோ நகக்கீறல்தானேன்னு இருக்காம, சோப்புப் போட்டுக் கழுவிட்டு நேரா டாக்டர்கிட்ட ஓடு. உங்க அப்பா ரத்தம் ஆச்சே, மறைச்சுடுவியோன்னுதான் இவ்வளவு சொல்றேன்.

நோய்நொடி அண்டாம, நினைச்சதெல்லாம் நடந்து, நூறு வயசு நல்லா இரு கண்ணு. ஒண்ணே ஒண்ணு மறந்துடாதே. அடுத்த தடவை போன் பண்ணறப்போ எதுவும் தெரிஞ்ச மாதிரி காட்டிக்காதே, ஆனா பூனையைக் கேக்கறதுக்கு முன்னாடி அவரைக் கேளு. பூனை செத்தா நீ அழுவேன்னு அந்த மனுஷனுக்குத் தெரியுது. அவர் செத்தா நீ அழுவேன்னு அவருக்கு யாரும் சொன்னதில்லை போல.

இப்படிக்கு,
உன்னையே நினைச்சுக்கிட்டிருக்கற அம்மா