பெஞ்சுக்கு அனுப்பிய பணம்

கீழ்ப்பிரிவு, அக்கரப்பத்தனை
1957 மார்கழி

அன்பு மகள் மீனம்மாவுக்கு உன் அம்மா அம்மாக்கண்ணு எழுதுவது. மாரியம்மன் புண்ணியத்தில் நானும் அப்பாவும் இங்கே குறையில்லாமல் இருக்கிறோம், கொழும்பில் நீயும் உன் வகுப்புப் பிள்ளைகளும் அப்படியே இருக்க வேண்டும். பனி இந்த வருசம் அதிகம், விடிந்து பார்த்தால் புல்லெல்லாம் சுண்ணாம்பு தெளித்தது போல வெள்ளையாகக் கிடக்கிறது. அப்பாவுக்கு இருமல் விட்டபாடில்லை, கொத்தமல்லி போட்டுக் கொடுத்தால் குடிக்கிறார், சுருட்டை விடு என்றால் காது கேட்காத மாதிரி தேயிலை ஸ்டோருக்கு நடையைக் கட்டுகிறார். செவலைப் பசு கன்று போட்டிருக்கிறது, கிடேரிதான், நெற்றியில் வெள்ளைப் பொட்டு. என் கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே, நீ சிலேட்டில் எழுதும்போது பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொண்டது, கோணல் இருந்தால் அது டீச்சரின் குற்றம்.

போன கடிதத்திலும் பெஞ்சு வந்துவிட்டதா என்று கேட்டிருந்தாய். வரவில்லை. பள்ளிக்கூடத்துக்கு என்று மாதா மாதம் நீ அனுப்பிய பணத்தில் ஒரு பெஞ்சும் வாங்கவில்லை, வாங்கவிடாமல் செய்தது நான்தான். முடிவு தெரியட்டும், பிறகு சொல்லலாம் என்று இவ்வளவு நாளும் வாயை மூடிக்கொண்டிருந்தேன், என் வாயை மூடி வைப்பது எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியும். இப்போது முடிவு தெரிந்துவிட்டது. கோபப்படாமல் கடைசிவரை படி.

போன வருசம் வீட்டுக்கு வீடு சந்தா பிடித்து நம் பள்ளிக்கூடத்துக்குத் தகரம் மாற்றி, சிமெந்து போட்டு, புதுக் கரும்பலகையும் சுவரில் மாட்டுகிற படமும் வாங்கினார்களே, அதற்குப் பிறகு இன்ஸ்பெக்டர் வந்து சோதனை வைத்தபோது ஐந்தாம் வகுப்பில் தேறியது ரெண்டே ரெண்டு பேர். அதற்கு முந்தின வருசம் ஒழுகிய கூரையின் கீழேயும் ரெண்டு பேர்தான் தேறினார்கள். நம் சங்கத் தலைவர் செல்லசாமி அண்ணனுக்கு முகம் விழுந்துவிட்டது, பிள்ளைகள் தரையில் உட்காருவதால்தான் படிப்பு ஏறவில்லை, இனி பெஞ்சு போட வேண்டும் என்று அவரே ஒரு காரணம் கண்டுபிடித்தார். நீயும் அதையே எழுதினாய். கூரை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, மழைக்குக் கூரை வேண்டும்தான். ஆனால் பிள்ளையே இல்லாத பெஞ்சில் யார் உட்காருவது என்றுதான் கேட்டேன்.

ஏன் அப்படிக் கேட்டேன் என்றால், கை வெட்டுப்பட்டு நான் வேலைக்குப் போகாமல் இருந்த நாட்களில் பீலித் தண்ணியில் துணி அலசிக்கொண்டே பள்ளிக்கூடத்து வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். காலையில் பிள்ளைகள் எல்லாரும் வருகிறார்கள், பெரிய பொம்பளைப் பிள்ளைகள் இடுப்பில் ஒரு கைப்பிள்ளையோடு வருகிறார்கள். கணேசமூர்த்தி மாஸ்டர் பேர் கூப்பிடுகிறார், எல்லாரும் உள்ளேன் என்கிறார்கள். பிறகு ஒரு பிள்ளை அழுகிறது, அக்காக்காரி எழுந்து வெளியே போகிறாள், இன்னொன்று அழுகிறது, அவளும் போகிறாள். தேத்தண்ணி நேரத்துக்குள் பாதி வகுப்பு லயத்துக்குத் திரும்பிவிடுகிறது. மாஸ்டர் நல்ல மனுசன், அவரைக் கேட்டால், அழுகிற பிள்ளையை வச்சுக்கிட்டு எப்படிப் பாடம் நடத்துறது, நானும் எத்தனை தடவ சொல்றது அம்மாக்கண்ணு என்று தலையில் கை வைத்துக்கொண்டார்.

பக்கத்துக் காம்பரா வீரம்மாவிடம் போய், உன் மக சண்முகவடிவு பள்ளிக்கூடத்துல ஒரு நாழிகூட இருக்கிறதில்லையே என்று கேட்டேன். அவள் என்ன சொன்னாள் தெரியுமா, அதான் காலையில பேர் விழுந்துருதே அக்கா, அப்புறம் என்ன என்றாள். நான் முதலில் கேலி பண்ணுகிறாள் என்று நினைத்தேன். இல்லை மீனா, நிசமாகவே அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தாள். விடியக்காலம் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டில் கணக்கப்பிள்ளை பேர் போட்டால் அன்றைய சம்பளம் வந்துவிடுகிறது இல்லையா, அதே மாதிரி பள்ளிக்கூடத்தில் பேர் விழுந்தால் அன்றைய படிப்பும் வந்துவிடும் என்று கணக்குப் போட்டிருக்கிறாள். அடியே, கொழுந்து எடுக்காம வீட்டுக்கு வந்தா உனக்கு அரைப்பேராவது போடுவானா, உன் மகளுக்கு மட்டும் எப்படிடி முழுப்பேர் கெடைக்கும் என்றேன். அதன்பிறகுதான் அவளுக்கு உறைத்தது. உறைத்து என்ன செய்ய, நான் மலைக்குப் போனா இந்தக் கைப்பிள்ளைப் பயல யாரு தூக்குறது, மலைக்குப் போறவங்க பிள்ளைய விட்டுட்டுப் போற பிள்ளைக் காம்பராவுல ஒரே ஒரு ஆயா, இவனத் தரையில போட்டா நாள் முழுக்க அப்படியே கெடப்பான் என்றாள். அவள் சொன்னதும் நியாயம்தான். அதோடு அவள் புருசன் அழகன் முடிவாகச் சொல்லிவிட்டானாம், இந்தத் தடவையும் தேறாவிட்டால் பொங்கலுக்குப் பிறகு சண்முகவடிவு அரைச் சம்பளத்துக்கு அரைப்பேர்க்காரியாக மலைக்கு வர வேண்டியதுதான் என்று.

மாரியம்மன் கோயில் முன்னால் கூட்டம் போட்டபோது நான் எழுந்து, என் மகள் அனுப்புகிற காசில் பெஞ்சு வேண்டாம், பிள்ளைக் காம்பராவுக்கு இன்னொரு ஆயாவைப் போடுங்கள் என்றேன். சிரித்தார்கள் பார், எல்லாரும் சிரித்தார்கள். செல்லசாமி அண்ணன், பள்ளிக்கூடக் காசுல தொட்டில் ஆட்டச் சொல்றியா தங்கச்சி, மத்த தோட்டத்துக்காரன் கேட்டா நான் எங்க மூஞ்சிய வைக்கிறது என்றார். உன் அப்பா என் முந்தானையைப் பிடித்து இழுத்தார். எனக்கு வந்த கோபத்தில், இதுவரைக்கும் உன்னிடம்கூடச் சொல்லாததை அந்தக் கூட்டத்தில் சொல்லிவிட்டேன். என் மக டீச்சர் ஆயிட்டான்னு எல்லாரும் அவ மூளையத்தான் மெச்சுறீங்க, அவ கூடப் படிச்ச பிள்ளைங்களுக்கும் மூளை இருந்துச்சு, ஆனா அதுங்க இடுப்புல பிள்ளை இருந்துச்சு, எம் மக இடுப்புல இல்ல, ஏன்னா அவளுக்குப் பிறகு நான் பெத்த ரெண்டும் தங்கல, அதனாலதான் அவ வகுப்புல உட்கார்ந்தா என்றேன். அப்புறம் யாரும் சிரிக்கவில்லை. உன் கெட்டிக்காரத்தனத்தைக் குறைத்துச் சொல்லவில்லை மகளே, அது எனக்குப் பெருமைதான், ஆனால் கொழுந்து மலையில் நிற்கும்போதெல்லாம் எனக்கு இந்த நினைப்பு வரும். உன் தம்பிகள் ரெண்டு பேரும் இருந்து நீயும் படித்திருக்க வேண்டும், அதுதான் எனக்குக் கிடைத்திருக்க வேண்டியது.

கடைசியில் செல்லசாமி அண்ணன், சரி தங்கச்சி, சந்தாக் காசுல கை வைக்க மாட்டோம், உன் மக காசுல ஒரு வருசம் செஞ்சு பாரு, வீணாப் போனா உன் மகளுக்கு நீயே பதில் சொல்லிக்க என்றார். சொல்லிக்கிறேன் என்றேன். உன்னைக் கேட்காமலே உன் காசை வைத்துப் பந்தயம் கட்டிவிட்டேன், அம்மாவுக்கு அந்த உரிமை இல்லையா என்ன.

ஆயாவாக யாரைப் போட்டோம் என்றால் மேட்டு லயத்து ராசம்மாவை, கூடையோடு வழுக்கி விழுந்து கால் ஊனமானதால் பெரட்டிலிருந்து நிறுத்தப்பட்டாளே, அவளைத்தான். நடக்கத்தான் சிரமம், உட்கார்ந்த இடத்தில் நாலு பிள்ளையைச் சமாளிப்பாள். முதலில் ஒருத்தியும் பிள்ளையை விடவில்லை, வீரம்மா மட்டும் என் தொல்லை தாங்காமல் விட்டாள், விட்டுவிட்டு மத்தியானம் கொழுந்தை எடை போட்ட பிறகு ஓடி வந்து பார்த்தால் பயல் கண்ணுக்கு மையோடு தூங்கிக்கொண்டிருக்கிறான். அப்புறம் ஒவ்வொருத்தியாக வந்தார்கள். பாவம் சண்முகவடிவுதான் பழக நாளெடுத்தாள். எங்கே பிள்ளை அழுதாலும் திரும்பி வாசலைப் பார்ப்பாளாம். எழுந்து வாசிக்கச் சொன்னால், இடுப்பில் யாரும் இல்லாதபோதும் ஒரு பக்கமாகச் சாய்ந்துதான் நிற்பாளாம், ரெண்டு கையாலும் புத்தகத்தைப் பிடிக்கவே அவளுக்குத் தெரியவில்லை என்று மாஸ்டர் சொன்னார். ஆடி மாசத்துக்குள் நிமிர்ந்துவிட்டாள். பீலியடியில் கடைக் காகிதத்தைக்கூட விடாமல் சத்தம் போட்டு வாசிக்கிறாள், உப்பு மடித்து வந்த காகிதத்தில் இருந்த கதையின் மிச்சம் எங்கே என்று கடைக்கார ஹுசைன் நானாவிடமே போய்க் கேட்டிருக்கிறாள்.

இந்த மாசம் இன்ஸ்பெக்டர் வந்தார். அதே கூரை, அதே மாஸ்டர், அதே தரை. ஐந்தாம் வகுப்பில் தேறாதது ஒரே ஒரு பையன், அவனும் அம்மை போட்டுக் கிடந்தவன். மற்ற எல்லாரும் தேறிவிட்டார்கள் மீனா, எல்லாரும். இந்தத் தடவை என்ன செய்தீர்கள் என்று இன்ஸ்பெக்டர் கேட்க, மாஸ்டர் அவரை நேரே பிள்ளைக் காம்பராவுக்கு அழைத்துப்போய் ராசம்மாவைக் காட்டியிருக்கிறார், அவள் மடியில் ஒன்று தோளில் ஒன்றோடு எழுந்திருக்க முடியாமல் உட்கார்ந்தபடியே கும்பிட்டாளாம். செல்லசாமி அண்ணன் இப்போது வேறு தோட்டத்துக்குப் போனால் இது தன்னுடைய யோசனை என்றுதான் பேசுகிறார், பேசட்டும், அடுத்த வருசம் ஆயா சம்பளம் சந்தாவிலிருந்து என்று எல்லார் முன்னாலும் ஒத்துக்கொள்ள வைத்துவிட்டேன். ஆகவே நீ இனி அனுப்புவதில் தாராளமாகப் பெஞ்சு வாங்கலாம், உட்கார ஆள் இருக்கிறது.

அழகன் நேற்றுப் பெரட்டில் கணக்கப்பிள்ளையிடம் போய், எம் மகளுக்கு இங்க பேர் வேணாங்க, அவ ஹட்டன் பள்ளிக்கூடத்துக்குப் போறா என்று சொல்லிவிட்டான். பெரட்டுக்கு ஆள் கூப்பிடத் தப்படிக்கிறவன்கூட நிறுத்திவிட்டுப் பார்த்தானாம். சாயங்காலம் சண்முகவடிவு இனிப்போடு வந்தாள், ஹட்டனுக்கு எடுத்துப்போக உன் பழைய துணிப்பை வேண்டுமாம், கொடுத்துவிட்டேன். அங்கே விடுதியில் தனியாக இருப்பாள், நீ அவளுக்கு ஒரு கடிதம் போடு, மறந்துவிடாதே.

வேளைக்குச் சாப்பிடு, மழையில் நனைந்த தலையோடு வகுப்புக்குப் போகாதே. பொங்கலுக்கு வரும்போது அப்பாவுக்கு ஒரு கம்பளி பனியன் வாங்கி வா. வந்ததும் முதலில் பிள்ளைக் காம்பராவுக்குப் போய்ப் பார். ராசம்மா தொட்டில் கட்டத் துணி கேட்டபோது, உன் தம்பிகளுக்குக் கட்டியிருந்த அந்தப் பச்சைச் சேலையைப் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். இத்தனை வருசம் யாரையும் தொடவிட்டதில்லை. இப்போது அதில் வீரம்மா மகன் தூங்குகிறான்.

நீ நூறு வருசம் நல்லா இருக்கணும் என்று ஆத்தாளை வேண்டிக்கொண்டு,
உன் அம்மா
அம்மாக்கண்ணு