அக்கா வீட்டு வைஃபை

மார்ச் 4, செவ்வாய்

நெட் அறுந்துவிட்டது. வேலைக்குச் சேர்ந்து ஆறாவது நாள், அதற்குள்ளே. டாக்டர் ஒரு மொழியில் பேச, நோயாளி இன்னொரு மொழியில் பேச, நடுவில் வீடியோவில் மொழிபெயர்த்துக்கொண்டு நான். "இந்த மாத்திரையை வெறும் வயித்துல..." என்று சொல்லிக்கொண்டிருந்தேன், திரையில் சக்கரம் சுற்ற ஆரம்பித்துவிட்டது. சாப்பிடணுமா, கூடாதா? அந்த அம்மாள் என்ன முடிவுக்கு வந்தாரோ!

மேற்பார்வையாளர் கறாராக எழுதியிருக்கிறார்: சோதனை மாதத்தில் மூன்று முறை அறுந்தால் வேலை கிடையாது. வேலை நிரந்தரமானால்தான் எனக்குத் தனி வீடு. நாற்பத்து மூன்று வயதில் அக்கா வீட்டு இஸ்திரி மேஜையில் உட்கார்ந்து பிழைப்பு நடத்துவது கேவலமாக இருக்கிறது.

அத்தான் வந்து பார்த்தார். லிஃப்ட் கம்பெனியில் முப்பது வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். உலகத்தில் எல்லாமே அவருக்கு லிஃப்ட்தான். "எங்கயோ கதவு சரியா மூடலைம்மா" என்றார். வைஃபைக்கு ஏது கதவு?

மார்ச் 5

அத்தான் உத்தரவு: ரவுட்டர் ஃபிரிட்ஜ் மேல் ஏறியது.

மார்ச் 6

அத்தான் உத்தரவு: ரவுட்டர் ஃபிரிட்ஜிலிருந்து இறங்கியது. இப்போது என் மேஜையிலேயே, கைக்கெட்டும் தூரத்தில். இதற்கு மேல் பக்கத்தில் வேண்டுமென்றால் இடுப்பில்தான் தூக்கி வைத்துக்கொள்ள வேண்டும்.

மார்ச் 7, வெள்ளி

இரண்டாவது. காலை 11.10. ரவுட்டரில் எல்லா விளக்கும் பச்சை, பல்லிளித்துக்கொண்டு எரிகிறது. லேப்டாப்பில் மட்டும் சிக்னல் கோடு ஒவ்வொன்றாகக் குறைந்து... போச்சு. அரை நிமிடத்தில் தானாகவே திரும்பி வந்தது. அதற்குள் டாக்டர் வைத்துவிட்டார்.

நான் என்னதான் செய்யலை? சாஃப்ட்வேரை அழிச்சு மறுபடி போட்டாச்சு. பாஸ்வேர்டு மாத்தியாச்சு. மைக்ரோவேவைக் கூட அணைச்சு வெச்சாச்சு. கண்ணைக் கட்டிக்கிட்டு வருது.

"உன் லேப்டாப்பு கிழடும்மா" என்று, காலிக் குப்பைக் கூடையோடு மேலே வந்த அத்தான் தீர்ப்பு சொன்னார். அக்காவுக்குப் பெருமை. "பாருடி, ஒரு நாளைக்கு மூணு தடவை குப்பை கொண்டு போறாரு." மூன்றே பேர் உள்ள வீட்டில் இவருக்கு இவ்வளவு குப்பை எங்கிருந்துதான் கிடைக்கிறதோ.

மார்ச் 10, திங்கள்

மூன்றாவது. 10.40-க்கு. அழுதேன். இஸ்திரி மேஜை மேல் தலையை வைத்து, நன்றாகவே அழுதேன்.

மதியம் நெட் கம்பெனிக்காரர் வந்தார். தன் போனை அறையெல்லாம் காட்டிக்கொண்டே நடந்தார். "மேடம், ஒரே பேர்ல ரெண்டு வைஃபை வருதே? ஒண்ணு ரவுட்டர். இன்னொண்ணு இந்த சாரோட சட்டைப் பையில இருக்கு."

அத்தான் முகத்தில் ஈயாடவில்லை.

விஷயம் இதுதான். போன மாதம் நெட் வராத நாளில், தன் போனின் ஹாட்ஸ்பாட்டைப் போட்டிருக்கிறார். டிவியில் பாஸ்வேர்டு அடிக்கச் சோம்பல்பட்டு, வீட்டு வைஃபையின் பெயரையே, பாஸ்வேர்டையே அதற்கும் வைத்துவிட்டார், மேதை! நான் பாஸ்வேர்டை மாற்றியதும் மறக்காமல் அங்கேயும் மாற்றியிருக்கிறார். அணைக்கத்தான் மறந்துவிட்டார். என் லேப்டாப் ரவுட்டரை விட்டுவிட்டு அவர் பையைப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறது. அவர் படியிறங்கினால் என் பிழைப்பும் படியிறங்கும்.

கம்பெனிக்காரர் போனதும் கேட்டேன், "குப்பை போட இருபது நிமிஷமா அத்தான்?"

"சிகரெட்டும்மா. விட்டு ரெண்டு வருஷமாச்சுன்னு உங்கக்காகிட்ட சத்தியம் பண்ணிருக்கேன். சொல்லிடாத."

எனக்கு வந்த கோபத்துக்கு அந்தக் கூடையை அவர் தலையில் கவிழ்த்திருப்பேன்.

மார்ச் 11

ஹாட்ஸ்பாட் ஒழிந்தது. மேற்பார்வையாளரிடம் கெஞ்சினேன். மனம் இரங்கினார்: மூன்று முறையும் ஏன் அறுந்தது என்று நேரத்தோடு எழுதி, நெட் யார் பெயரில் இருக்கிறதோ அவருடைய கையெழுத்தோடு அனுப்ப வேண்டும்.

நெட் அக்கா பெயரில் இருக்கிறது.

மார்ச் 12

"இடி மின்னல்னு எழுதிடேன்" என்கிறார் அத்தான். ஒரு வாரமாக வெயில் மண்டையைப் பிளக்கிறது.

அத்தானைக் காட்டிக்கொடுக்கவா? இந்த வீட்டில் எனக்குச் சோறு போடுபவர். ஆனால் பொய் எழுதி மாட்டினால் வேலையும் போய், மானமும் போய், இந்த மேஜையே கதி. உள்ளதை எழுதினேன்: "வீட்டிலிருப்பவர் தன் போனுடன் கீழே சென்ற நேரங்கள்." சிகரெட் என்ற பேச்சே இல்லை. ஆனால் அக்கா மக்கு இல்லை.

மார்ச் 13, வியாழன்

அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தாள். பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டாள்.

"எனக்குத் தெரியும்டி. எப்பவோ தெரியும்."

"அப்புறம் ஏன் கேக்கல?"

"அவரு ரிடையர் ஆனதுலேர்ந்து அந்த இருபது நிமிஷந்தான்டி வீட்டுல எனக்கு நிம்மதி. நீ இப்படி எழுத்துல குடுத்து கையெழுத்தும் வாங்கிட்ட. இனிமே தெரியாத மாதிரி நான் எப்படி இருக்கறது?"

எனக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது. சாயங்காலம் கதவைச் சாத்திக்கொண்டு இருவரும் பேசினார்கள். அத்தான் வெளியே வந்து லைட்டரை என்னிடம் நீட்டினார். நான் என்ன செய்யட்டும் அதை வைத்துக்கொண்டு?

மார்ச் 28, வெள்ளி

வேலை நிரந்தரம். இரண்டு தெரு தள்ளி ஒரு வீடும் பார்த்து, அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன். ஒரு ரூம், ஒரு சமையலறை, என் பெயரில் நெட்.

அத்தான் சிகரெட்டை நிஜமாகவே விட்டுவிட்டார். நாள் முழுக்க வீட்டில்தான். அரிசி டப்பாக்களை உயரவாரியாக அடுக்குகிறார். அடுப்பு எந்தப் பக்கம் பார்த்து இருக்க வேண்டும் என்று அக்காவுக்குப் பாடம் எடுக்கிறார்.

பெட்டி கட்டும்போது அக்கா வந்து கட்டிலில் உட்கார்ந்தாள். அழப் போகிறாள் என்று நினைத்தேன். கதவைப் பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்:

"அந்த வீட்டுக்கு ரெண்டு சாவி குடுத்தாங்களாடி?"