வெள்ளிக்கிழமைகளில் இடம் மாறிய பம்பு

என் செல்ல அப்பாவுக்கு,

நீங்கள் இரண்டு வருடம் காத்திருந்தது நடந்துவிட்டது. உங்கள் சிவப்பு டிஸ்கஸ் மீன் ஜோடி குஞ்சு பொரித்துவிட்டது, நீங்கள் போன நாற்பதாம் நாள். கொஞ்சம் முன்னால் பொரித்திருந்தால் என்ன குறைந்து போயிருக்கும்?

நீங்கள் சொன்னபடியே குஞ்சுகள் பெரிய மீன்களின் உடம்பில் ஊறும் வழவழப்பைத்தான் கொத்தித் தின்கின்றன. தாய் களைத்துப்போனால் ஓர் உதறு உதறித் தகப்பனிடம் தள்ளிவிடுகிறது. பொரித்தது மொத்தம் எண்பது. உப்புத் தண்ணீரில் பொரித்த, தூசி போன்ற இறால் குஞ்சையும் இப்போது கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துப் பழக்குகிறேன். வேறு யாரையும் போட விடுவதில்லை.

முதல் சனிக்கிழமை காலையில் பதினைந்து குஞ்சுகள் அடியில் கிடந்தன. அடுத்த சனிக்கிழமை இருபது. பெரியவை இரண்டுக்கும் ஒன்றுமில்லை.

என்னைத்தான் உங்களுக்குத் தெரியுமே. முதலில் தோங் பீப்பாயில் பிடித்து வைத்த குழாய்த் தண்ணீரைச் சந்தேகப்பட்டேன். பிறகு இறால் முட்டை விற்ற கடைக்காரரை. கடைசியில் அண்ணியை. வீடெல்லாம் மீன் வாடை என்று நீங்கள் இருக்கும்போதே முகம் சுளித்தவர்தானே? தொட்டி மூடியில் செலோடேப் ஒட்டி வைத்தேன், திறந்தால் தெரியட்டும் என்று.

ஆதாரமும் கிடைத்தது. அந்தச் சனிகளுக்கு முந்தின இரண்டு வெள்ளிக்கிழமையும் நான் செனாயில் உள்ள ஃபேக்டரியிலிருந்து வந்து பார்த்தால், தொட்டிக்குக் காற்று விடும் பம்பு இடம் மாறியிருந்தது. உங்கள் படத்துக்குக் கீழே இருக்க வேண்டியது ஜன்னல் ஓரத்தில் இருந்தது. கேட்டால் அண்ணி உஷாராகிவிடுவார் என்று வாயைத் திறக்கவில்லை. பழைய இடத்திலேயே வைத்துவிட்டு உங்களுக்குச் சாம்பிராணி போட்டேன். நிறையவே போடுவேன் அப்பா, படத்தில் உங்கள் முகம் மறையும் அளவுக்கு.

நேற்று மூன்றாவது வெள்ளி. தலைவலி என்று லீவு போட்டுவிட்டு, அறைக் கதவு இடுக்கில் கண்ணை வைத்திருந்தேன். ஐந்து மணிக்கு அண்ணி வந்தார். பம்பில் கை வைத்தார். நான் பாய்ந்து வெளியே வந்தேன்.

"என்ன அண்ணி, அப்பா மீனை ஒரேடியா கொன்னுடலாம்னு பாக்குறீங்களா?"

"அலமாக்! நானா கொல்றேன்? இந்தப் பம்பு பக்கத்துல இருக்கிற காத்தைத்தான் இழுத்துத் தண்ணிக்குள்ள விடுது. நீ அதுகிட்டயே சாம்பிராணி போடுற. குஞ்சு தாங்குமா? சாமிக்குப் புகை போடறதுக்கு முன்னாடி மாமா இதை ஜன்னல்கிட்ட கொண்டு வெச்சிருவாரு. நீ வேலையில இருப்ப, பாத்திருக்க மாட்ட."

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"எப்படி லா சொல்றது? ஒங்கப்பாவுக்குச் சாம்பிராணி போடறதுகூட எனக்குப் பொறுக்கலன்னு சொல்லியிருப்ப."

சொல்லியிருப்பேன்தான்.

முப்பத்தைந்தையும் நானே கொன்றிருக்கிறேன் அப்பா, உங்கள் மேல் உள்ள ஆசையில். பம்பு விஷயத்தை நீங்கள் ஏன் என்னிடம் சொல்லவில்லை? அதிலும் ஏதாவது குற்றம் கண்டுபிடிப்பேன் என்றா? அண்ணியைப் போல நீங்களும் எனக்குப் பயந்துதான் இருந்தீர்களா?

நேற்று சாம்பிராணி போடவில்லை. இன்று காலை மூன்று முறை எண்ணினேன். நாற்பத்தைந்தும் நீந்துகின்றன.

இனி உங்கள் படத்துக்கு மல்லிகைச் சரம் மட்டும்தான், கோபித்துக்கொள்ளாதீர்கள். பம்பு ஜன்னல் ஓரத்திலேயே இருக்கும். அண்ணியிடம் மன்னிப்புக் கேட்க இன்னும் வாய் வரவில்லை. ஆனால் மூடியில் ஒட்டிய செலோடேப்பைப் பிய்த்துவிட்டேன். திங்கட்கிழமை வேலைக்குப் போகும்போது குஞ்சுகளின் தீனியை அவர் கையில் கொடுத்துவிட்டுப் போவேன். திரும்பி வந்து எண்ண மாட்டேன். இது சத்தியம்.

இப்படிக்கு,
உங்கள் சந்தேகப்பிராணி மகள்