கட்டிலுக்கு அடியில் இரண்டு பேர்

அப்பா,

இன்று மதியம் டிவிக்குக் கீழே இருக்கும் அலமாரியைத் துடைக்கலாம் என்று உட்கார்ந்தேன். உள்ளே கையை விட்டபோது வீடியோ கேமின் இரண்டாவது கன்ட்ரோலர் அகப்பட்டது. வெளியே எடுத்ததும் தைல வாசம் அடித்தது. உங்கள் வலது கைக்குக் காலையும் மாலையும் நான் தேய்த்துவிட்ட அதே தைலம். பிடிக்கும் இடத்து ரப்பரில் ஊறிக் கிடக்கிறது. நீங்கள் போய் எட்டு மாதம் ஆகிவிட்டது. நேற்றுத்தான் கீழே வைத்துவிட்டு எழுந்து போன மாதிரி இருந்தது வாசம்.

அதைச் சார்ஜில் போட்டேன். ஏன் போட்டேன் என்று தெரியவில்லை. பிறகு விளையாட்டையும் போட்டேன். நாம் நிறுத்திய இடத்திலேயே திறந்தது. ஈரச் சுவர், நீளமான நடைவழி, எனக்கு ஒன்று உங்களுக்கு ஒன்றாக இரண்டு பிள்ளைகள். என் பிள்ளை நான் அசைத்தால் அசைந்தது. உங்கள் பிள்ளை கையில் விளக்கோடு சும்மா நின்றது. யாரும் தொடாவிட்டாலும் அது மூச்சு விடும், தோள் ஏறி இறங்கும், கொஞ்ச நேரத்துக்கு ஒரு தடவை தலையைத் திருப்பி என் பிள்ளையைப் பார்க்கும். அப்படித்தான் செய்து வைத்திருக்கிறார்கள். அது தெரிந்தும் என்னால் அதற்கு மேல் பார்க்க முடியவில்லை. அணைத்துவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன்.

உங்களுக்குப் பக்கவாதம் வந்தபோது நான் பெங்களூரிலிருந்து வேலையையும் கணினியையும் எடுத்துக்கொண்டு நம் ஊர் தலத்தெருவுக்கு வந்து சேர்ந்தேன். அம்மா போய் அப்போது ஆறு வருஷம். இந்த வீட்டில் நீங்களும் நானும் மட்டும் இருந்தது என் முப்பத்து மூன்று வயதில் அதுதான் முதல் தடவை. உங்களோடு எனக்குப் பேசத் தெரியாது. என்னோடு உங்களுக்கும் தெரியாது. சாப்பாடு, மாத்திரை, கரண்ட் போயிற்று, கரண்ட் வந்துவிட்டது. அதற்கு மேல் நம்மிடம் பேச்சு இருந்ததில்லை.

பிசியோதெரபிக்கு வந்த பெண் உங்கள் கையில் ஒரு சிவப்புப் பந்தைக் கொடுத்து, "ஒரு நாளைக்கு நூறு தடவ அமுக்குங்க ஐயா, வெரலுக்கு வேல குடுத்தாத்தான் வரும்" என்று சொல்லிவிட்டுப் போனாள். இரண்டாம் நாளே பந்து கொல்லைப்பக்கம் கிடந்தது. "நான் என்ன சின்னப் புள்ளையா, பந்து வச்சு வெளையாட?" என்றீர்கள். நான் அதை எடுத்துக் கழுவி வைத்தேன்.

அந்த வாரம்தான் ஒரு மதியம், சாப்பிட்ட பிறகு நான் இந்த விளையாட்டை ஆடிக்கொண்டிருந்தேன். இரண்டு பிள்ளைகள் மாபெரும் வீடு ஒன்றுக்குள் மாட்டிக்கொண்டு, வெளியே போக வழி தேடும் கதை. நாற்காலி, மேஜை, கதவுக் குமிழ் எல்லாம் அவர்களைவிடப் பத்து மடங்கு பெரிது. பிள்ளைகள் எதற்கெல்லாம் பயப்படுமோ அதெல்லாம் அந்த வீட்டுக்குள் இருக்கிறது. எட்டிப் பார்க்கக் கூடாத கிணறு, கண் இல்லாத பொம்மை, முடியாமல் கீழே போய்க்கொண்டே இருக்கும் மாடிப்படி. ஒரு பிள்ளை பெட்டியைத் தள்ள, இன்னொன்று மேலே ஏறி வழியைத் திறந்துவிட வேண்டும். ஒன்று மாட்டினால் இரண்டும் மாட்டிய மாதிரி. என்னோடு ஆட ஆள் இல்லாததால் நான் முதல் அறையையே தாண்டாமல் சுற்றிக்கொண்டிருந்தேன்.

பின்னால் சாய்வு நாற்காலியிலிருந்து நீங்கள் கேட்டீர்கள்.

"ரெண்டு புள்ளைங்க இருக்கு, ஒண்ணுதான் நடக்குது. இன்னொண்ணு ஏன் சும்மா நிக்கிது?"

"அதுக்கு இன்னொரு ஆளு வேணும்ப்பா."

சாய்வு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தீர்கள். பிறகு, "நான் ஆடுனா ஆவாதா?" என்றீர்கள்.

விளக்குப் பிள்ளையை உங்களுக்குக் கொடுத்தேன். நான்கே பொத்தான்கள்தான். உங்கள் வலது கை ஆள்காட்டி விரலைத் தூக்கி நானே பொத்தான்மேல் வைத்துக் காட்டினேன். முதல் நாள் முழுக்க ஒரே மாடிப்படியிலிருந்து விழுந்துகொண்டே இருந்தீர்கள். விழும்போதெல்லாம் அந்தப் பிள்ளை "ஹம்" என்று ஒரு சின்னச் சத்தம் போடும். ஏழாவதோ எட்டாவதோ தடவை நீங்களும் அதோடு சேர்ந்து "ஹம்" என்றீர்கள். நான் சிரித்துவிட்டேன். சிரித்த பிறகுதான் பயம் வந்து உங்களைத் திரும்பிப் பார்த்தேன். நீங்களும் சிரித்துக்கொண்டிருந்தீர்கள். நீங்கள் பல் தெரியச் சிரித்து அதற்கு முன் நான் பார்த்த ஞாபகமே இல்லை.

அதற்கப்புறம் தினமும் மூன்று மணிக்குத் தயாராகிவிடுவீர்கள். "ஒரு நிமிசம் இரு பாப்பா, வந்துர்றேன்" என்பீர்கள், திரையில் நான் முன்னால் ஓடினால். கிணற்றைத் தாண்டினோம். கண் இல்லாத பொம்மையை ஏமாற்றினோம். பிசியோதெரபிப் பெண் வந்து உங்கள் விரலை மடக்கிப் பார்த்து, "பந்து நல்லா வேல செய்யிதே" என்றாள். நீங்கள் என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டினீர்கள், சொல்லிவிடாதே என்பதுபோல்.

மூன்றாவது கட்டத்தில் ஒரு ஆள் வந்தான்.

அவன் முகம் தெரியாது. பிள்ளைகள் இருவரும் கட்டிலுக்கு அடியில் புகுந்துகொள்ள வேண்டும். அங்கிருந்து பார்த்தால் கால் மட்டும்தான் தெரியும். அவன் அறையைச் சுற்றி நடந்துவிட்டு வெளியே போகும்வரை இரண்டு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். அதாவது ஒரு பொத்தானை அமுக்கியபடியே இருக்க வேண்டும். யார் விட்டாலும் அவன் குனிந்து பார்த்துவிடுவான். உங்கள் விரல் தாங்காதே என்றுதான் நான் கவலைப்பட்டேன்.

முதலில் கதவுத் தாழ்ப்பாள் சத்தம். அப்புறம் செருப்பைத் தேய்த்துக்கொண்டு நடக்கும் சத்தம். அப்புறம் மேஜைமேல் சாவிக்கொத்தைப் போடும் சத்தம். நான் பொத்தானை விட்டுவிட்டேன். மறுபடி ஆரம்பித்தோம். மறுபடியும் நான்தான் விட்டேன். நான்காவது, ஐந்தாவது தடவை. உங்கள் விரல் அமுக்கியது அமுக்கியபடி இருந்தது. என் விரல்தான் சாவி விழும் சத்தத்தில் தானாக எழும்பிவிட்டது.

"நீ ஏம்மா வுட்டுர்ற? நான் புடிச்சுக்கிட்டுத்தான இருக்கேன்" என்றீர்கள். பிறகு என் கையைப் பார்த்தீர்கள். அது நடுங்கிக்கொண்டிருந்தது. திரையில் அந்த ஆள் மறுபடி உள்ளே வந்தான். தாழ்ப்பாள், செருப்பு, சாவி. நீங்கள் தலையைச் சாய்த்துக் கேட்டீர்கள்.

"பாப்பா, இது நான் ஆபீசு வுட்டு வர்ற சத்தம் மாதிரி இருக்குல்ல?"

"சே, இல்லப்பா. கேம்தான அது."

கன்ட்ரோலரை மெதுவாக மடியில் வைத்தீர்கள். "இன்னிக்குப் போதும்" என்றீர்கள்.

நான் சொன்னது பொய். ஐந்தரை மணிக்கு உங்கள் ஸ்கூட்டர் தெருமுனையில் வேகம் குறையும். அம்மா ரேடியோவை அணைப்பாள். நான் எங்கே இருந்தாலும் எழுந்து நிற்பேன். கேட் தாழ்ப்பாள், செருப்பு, சாவி. சாவியை வைக்கிறீர்களா எறிகிறீர்களா என்பதில் அன்றைய மாலை தெரிந்துவிடும். எட்டு வயதில் ராங்க் கார்டை ஒளித்து வைத்தேன் என்று ஸ்டோர் ரூமில் விட்டு வெளியே தாழ்ப்பாள் போட்டீர்கள். உள்ளே ஜன்னல் கிடையாது. அம்மா வெளியே தரையில் உட்கார்ந்து, கதவுக்குக் கீழே இருக்கும் இடுக்கு வழியாக இரண்டு விரலை நீட்டினாள். நான் அதைப் பிடித்துக்கொண்டேன். அப்போது உங்கள் செருப்புச் சத்தம் வந்தது. விரல் வெளியே போய்விட்டது. அந்த ஒரு தடவையோடு அது நிற்கவும் இல்லை.

இரண்டு நாள் விளையாட்டைப் பற்றி நீங்கள் பேச்சே எடுக்கவில்லை. மூன்றாம் நாள் மதியம் உங்களுக்கு நகம் வெட்டிவிட்டுக்கொண்டிருந்தேன். உங்கள் கை என் கையில் இருந்தது.

"என்னப் பாத்து ஒனக்குப் பயமா இருந்துச்சா?" என்றீர்கள்.

நகவெட்டியை நிறுத்தினேன். இந்த முறை பொய் வரவில்லை.

"இருந்துச்சுப்பா. ரொம்ப."

நீங்கள் கோபப்படவில்லை. அழவும் இல்லை. சுவரைப் பார்த்தபடி, வாய் கோணிய அந்தப் பேச்சில் நிறுத்தி நிறுத்திச் சொன்னீர்கள்.

"தெரியும்மா. ஒங்கம்மா அப்பவே சொல்லிருக்கா. வண்டிச் சத்தம் கேட்டா நீ எந்திரிச்சு நின்னுக்குவன்னு. எனக்கு அது நல்லாருந்துச்சு. நான் வந்தா வூடே அமைதியாவுதுன்னு ஒரு இது. மரியாதன்னு நெனச்சுக்கிட்டேன். இல்ல, அதுவும் பொய்யி. பயம்னு தெரியும். தெரிஞ்சேதான் நல்லாருந்துச்சு."

தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

அப்புறம் நீங்கள் சின்ன வயதில் இருந்த குரும்பகரத்து வீட்டைப் பற்றிச் சொன்னீர்கள். ஆடு நாற்றங்காலில் இறங்கி மேய்ந்துவிட்டது என்று உங்கள் அப்பா உங்களைக் காலியாகக் கிடந்த நெல் பத்தாயத்துக்குள் இறக்கி மேல் பலகையை மூடியதை. தூசி மூக்கில் ஏறி மூச்சு முட்டியதை. உள்ளே சுவரைச் சுரண்டியதில் நகம் பெயர்ந்து வந்ததை. எத்தனை வயது என்று கேட்டேன். "ஆறோ ஏழோ. அத வச்சு நான் செஞ்சது சரியாயிருமா? ஆவாது" என்றீர்கள். பிறகு, "மன்னிச்சுருன்னு ஒங்கிட்ட கேக்க மாட்டேன் பாப்பா. கேட்டா நீ குடுத்துருவ. அது சரியில்ல" என்றீர்கள்.

நான் மிச்ச நகங்களை வெட்டி முடித்தேன். கை கழுவக் கொல்லைக்குப் போனவள் அங்கேயே வெகுநேரம் நின்றேன்.

மறுநாள் காலையில் ஸ்டோர் ரூம் பக்கம் ஏதோ உரசும் சத்தம் கேட்டு வந்து பார்த்தேன். நீங்கள் முக்காலி போட்டு உட்கார்ந்து, அந்த வெளித் தாழ்ப்பாளின் திருகாணியை இடது கையால் கழற்றிக்கொண்டிருந்தீர்கள். துருப்பிடித்துப் போயிருந்தது. "குடுங்கப்பா, நான் கழட்டுறேன்" என்றேன். "நீ போயி வேலயப் பாரு" என்றீர்கள். அது பழைய குரல். ஆனால் என்னால் அங்கேயே நிற்க முடிந்தது. நான்கு திருகாணிக்கு நான்கு நாள் ஆயிற்று உங்களுக்கு. கடைசி நாள் தாழ்ப்பாளைக் கொண்டுபோய்க் குப்பைக்காரரிடம் கொடுக்கச் சொன்னீர்கள். கொடுத்தேன். கதவில் நான்கு ஓட்டை மட்டும் இருக்கிறது.

அன்று மூன்று மணிக்கு நீங்களே கூப்பிட்டீர்கள். "வா, அந்த ஆளத் தாண்டிருவோம்."

கட்டிலுக்கு அடியில் போனோம். தாழ்ப்பாள். என் விரல் எழும்பப் பார்த்தது. நீங்கள் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், குரலைத் தாழ்த்தி, நிஜமாகவே அவனுக்குக் கேட்டுவிடும் என்பதுபோலச் சொன்னீர்கள்.

"மூச்ச வுட்றாத. கிட்டக்க வர்றான். இரு, இரு. போயிருவான். நானும் இங்கதான் இருக்கேன்."

சாவி விழுந்தது. உங்கள் நெற்றியில் வியர்வை. அப்போதுதான் கவனித்தேன், உங்கள் கையும் நடுங்கிக்கொண்டிருந்தது, இடது கையும் சேர்ந்து. அந்த ஆளுக்கு நீங்களும் பயந்தீர்கள். அவனிடம் உங்களுக்கு எந்த முகம் தெரிந்ததோ, எனக்குத் தெரியாது. உங்கள் அப்பாவுடையதா, உங்களுடையதேதானா. செருப்புச் சத்தம் அறையைச் சுற்றிவிட்டு, வாசலில் கொஞ்சம் நின்று, தேய்ந்துபோயிற்று. கதவு மூடியது. நாம் இருவரும் பொத்தானை விடாமல் இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தோம்.

அடுத்து வரும் அந்த ஈரச் சுவர் நடைவழி வரைக்கும்தான் போனோம். அதே வாரம் வியாழக்கிழமை காலையில் காபி டம்ளரை எடுக்கக் கை நீட்டியவர் அப்படியே சாய்ந்தீர்கள். ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் இருந்தீர்கள், கண்ணைத் திறக்கவே இல்லை.

துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லாரும், "கண்டிப்பான மனுசன், ஆனா சொக்கத் தங்கம்" என்றார்கள். உங்களோடு வேலை பார்த்தவர் ஒருவர் என் தலையில் கை வைத்து, "ஒன்னப் பத்தித்தாம்மா எப்பவும் பேச்சு" என்றார். நான் தலையாட்டினேன். அழுகை வந்தது, அது எதற்கான அழுகை என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை.

இன்னும் சாயங்காலம் தெருவில் ஒரு வண்டி வேகம் குறைந்தால் என் கை வேலையை நிறுத்திவிடுகிறது அப்பா. நீங்கள் இல்லை என்பது உடம்புக்குத் தெரியவில்லை. முன்பெல்லாம் அந்த நேரத்தில் எனக்கு என்மேலேயே கோபம் வரும். இத்தனை வயதாகியும் இது என்ன, எல்லா வீட்டிலும் அப்பாக்கள் அப்படித்தானே, நானாகப் பெரிதாக்கிக்கொள்கிறேன் என்று. இப்போது அந்தக் கோபம் இல்லை. அந்த எட்டு வயதுப் பெண் எதையும் கற்பனை செய்துகொள்ளவில்லை என்று எனக்குத் தெரியும். அதை எனக்குச் சொன்னவர் நீங்கள். வேறு யார் சொல்லியிருந்தாலும் நான் நம்பியிருக்க மாட்டேன். உங்களிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அதுதான்.

நீங்கள் கேட்காத மன்னிப்பை நான் இன்னும் கொடுக்கவில்லை. ஒருநாள் தானாக வரலாம், வராமலும் போகலாம். வந்தால் உங்களுக்காக அவசரப்பட்டு வந்ததாக இருக்காது. இப்போதெல்லாம் வண்டி கடந்து போகும்வரை எழுந்து நிற்காமல் உட்கார்ந்திருக்கிறேன். பிறகு எழுந்துபோய் வாசல் கதவைத் திறந்து வைக்கிறேன்.