புளியமூட்டு முக்கில் முதலுதவிப் பந்தல்

கொல்லம் 1127 மாசி 8, புதன்

காலையில் பனி. பத்து மணிக்கே வெயில். டிஸ்பென்சரியில் கூட்டம் இல்லை. கும்பப்பூ நெல் அறுப்பு இன்னும் முடியவில்லை. அறுப்பு நாளில் இந்த ஊரில் யாருக்கும் நோய் வருவதில்லை, கூலி கொடுத்த பிறகுதான் வரும்.

டாக்டர் கூப்பிட்டார். ஞாயிறு நெல் நடை. இராஜாக்கமங்கலத்தில் இருந்து நாகர்கோவில் வரை பெண்கள் ஆளுக்கொரு ஓலைக் கடவம் நிறைய நெல் சுமந்து வருவார்கள். அந்த நெல்லை விற்ற பணத்தில் டிஸ்பென்சரிக்குப் பின்னால் ஒரு பிரசவ அறை. கமிட்டி முடிவு. வழியில் முதலுதவிப் பந்தல் ஒன்று வேண்டுமாம்.

“நீரு போனாப் போரும் கம்பவுண்டரே. கூட ஒரு நர்ஸம்மா வருவாவ.”

சரி என்றேன். எந்த இடம் என்று கேட்கவில்லை. இந்த ஆறு மாதமாக யார் என்ன சொன்னாலும் சரி என்பேன், அல்லது ஒன்றும் சொல்வதில்லை.

சாயங்காலம் கமிட்டி செக்ரட்டரி வந்து இடம் சொன்னார். புளியமூட்டு முக்கு. புளியமர நிழல் உண்டு, கிணறு உண்டு, சுமை இறக்கச் சுமைதாங்கியும் உண்டு என்று மகிழ்ச்சியாகச் சொன்னார்.

அந்தச் சுமைதாங்கி பகவதி பேரில் போட்டது. என் மனைவி. ஆவணியில் எட்டு மாத வயிற்றோடு இறந்தாள். வயிற்றுப் பாரத்தோடு போனவளுக்காக வழியில் இரண்டு கல் நட்டு, குறுக்கே ஒரு கல் போடுவது வழக்கம். போகிறவர்கள் அதில் சுமையை இறக்கினால் அவளுக்கும் பாரம் இறங்கும் என்பார்கள். அவள் அப்பா செய்தார். கல் போட்ட அன்று போய் நின்றேன். பிறகு அந்தப் பக்கம் போகவில்லை.

செக்ரட்டரிக்கு இது தெரியாது. நானும் சொல்லவில்லை.

மாசி 9, வியாழன்

வெயில். எடுத்து வைக்க வேண்டியவை:

டிங்க்சர் அயோடின் – 2 குப்பி
போரிக் பவுடர்
பஞ்சு, கட்டுத் துணி (பழைய வேட்டி வெந்நீரில் போட்டுக் காய வைக்க)
கத்தரி, முள் எடுக்கும் இடுக்கி
உப்பு, எலுமிச்சங்காய்
ஸ்மெல்லிங் சால்ட் (குப்பியில் வாசனையே இல்லை. வேறு கேட்க வேண்டும்)

தபாலில் மாமா, அதாவது பகவதியின் அப்பா, எழுதிய கடிதம். பகவதியின் தங்கை சரசுவை எனக்குக் கட்டி வைக்கும் பேச்சு கார்த்திகையில் இருந்து நடக்கிறது. கடிதத்தில்: “தாங்கள் இதுவரை மறுத்து ஒன்றும் சொல்லாததால் சம்மதம் என்றே எடுத்துக்கொண்டோம். திங்கட்கிழமை காலையில் வெற்றிலை பாக்குடன் வருகிறேன். பங்குனியில் நாள் பார்த்திருக்கிறது.”

இரண்டு தடவை படித்தேன். சந்தோஷம் இல்லை, எரிச்சலும் இல்லை. பல் பிடுங்க மரப்பு ஊசி போட்ட கன்னம் மாதிரி. கிள்ளினால் கிள்ளுகிறோம் என்று தெரியும், வலி தெரியாது.

மதியம் சாப்பிட்டேனா என்று நினைவில்லை. பாத்திரம் கழுவிக் கவிழ்த்திருந்தது. ஆகவே சாப்பிட்டிருக்க வேண்டும்.

மாசி 11, சனி

மேகம். மழை இல்லை. கட்டுத் துணி கிழித்துச் சுருட்டினேன், நாற்பது சுருள். நல்ல வேலை. யோசிக்க வேண்டாம்.

பக்கத்து வீட்டுக்காரி வேலிக்கு மேல் கேட்டாள். “மாப்பிளைக்கு எப்போ கல்யாணம்? எங்களையெல்லாம் விளிப்பியளா?” சிரித்து வைத்தேன். அவளும் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டிருப்பாள்.

மாசி 12, ஞாயிறு. சாயங்காலம் எழுதுவது.

காலை ஆறு மணிக்கு வில்வண்டியில் புளியமூட்டு முக்கு. பந்தல் கட்டி முடித்திருந்தார்கள். ஓலைப் பந்தல், ஒரு பெஞ்சு, இரண்டு செம்புப் பானை. சுமைதாங்கி பந்தலுக்கு நாலு அடி தள்ளி. பேரும் வயதும் வெட்டியிருக்கிறது. முதுகைக் காட்டி உட்காருகிற மாதிரி பெஞ்சைத் திருப்பிப் போட்டேன்.

நர்ஸம்மா பேர் எஸ்தர். ஐம்பது வயது இருக்கும். மிஷன் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்து நின்றவர். வந்ததும் பெஞ்சைத் திரும்பவும் பழையபடி போட்டார். “வெளிச்சம் எங்கேருந்து வருதுன்னு பாக்காண்டாமா கம்பவுண்டரே? நெழல்ல வச்சா முள்ளு எடுப்பீரு?”

ஆக, கல்லைப் பார்த்தபடியே நாள் முழுக்க.

எட்டரைக்கு முதல் கூட்டம். முன்னால் ஒரு கொட்டு, பின்னால் பெண்கள். தலையில் சும்மாடு, அதன் மேல் கடவம், கடவம் நிறைய நெல். எல்லாரும் வெறுங்கால். நெல் சுமக்கும்போது செருப்பு போட மாட்டார்கள், அது மரியாதை இல்லை. ரோடோ, போன வாரம்தான் புதுச் சரல் கல் போட்ட ரோடு. கமிட்டியில் பன்னிரண்டு பேர் உட்கார்ந்து கொட்டுக்காரனைப் பற்றிக் கூட யோசித்திருக்கிறார்கள், சரலை யோசிக்கவில்லை.

பதினொரு மணி வரை:
உள்ளங்கால் கீறல் – 31
கொப்புளம் – 19
முள் – 6
மயக்கம் – 4 (மூன்று பேர் காலையில் ஒன்றும் சாப்பிடவில்லை. நாலாவது, புதுப்பெண். எஸ்தரம்மா தனியாகக் கூப்பிட்டு விசாரித்தார். மாதம் மூன்று. வண்டியில் ஏற்றி அனுப்பினோம். அவள் கடவத்தை இன்னொருத்தி தன் கடவத்தில் கொட்டிக்கொண்டாள்.)
கழுத்துப் பிடிப்பு – கணக்கு வைக்கவில்லை

சுமையோடு வருகிறவள் தானாக இறக்க முடியாது, கை கொடுக்க ஆள் வேண்டும். அல்லது அந்தக் கல். கல்லில் வரிசையாக நின்று இறக்கினார்கள். இறக்கி ஒரு பெருமூச்சு. ஒருத்தி கல்லைத் தடவிக் கொடுத்து, “பாரம் எறங்கட்டும் மோளே” என்றாள். அவளுக்குப் பகவதி யார் என்று தெரியாது.

கொப்புளத்துக்கு மருந்து போடும்போது, கல்லைப் பார்த்து என் தலைக்கு மேல் நடந்த பேச்சு:

“இருவத்திரெண்டு வயசாம், பாவம்.”

“தலப்பிரசவமா இருக்கும்.”

“மாப்பிள வேற கெட்டியிருப்பான்.”

“பின்ன கெட்டாம? ஆறு மாசம் தாங்குவானா ஆம்பிள?”

“எங்கிலும் நல்லா இருக்கட்டு.”

அயோடின் பட்டு அந்தப் பெண் காலை இழுத்துக்கொண்டாள். பைய, பைய என்றேன். அடுத்த கால்.

எஸ்தரம்மா எலுமிச்சைத் தண்ணீர் கலக்கிக்கொண்டே என்னைப் பார்த்தார். “ஓம்ம மொகத்துல ஒண்ணுமே இல்லியே கம்பவுண்டரே. நோயாளி பயந்துருவா. கொஞ்சம் சிரியும்.” பிறகு கல்லைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அடுத்து வந்தவளைத் தன் பக்கம் கூப்பிட்டுக்கொண்டார்.

பன்னிரண்டு மணி இருக்கும். கடைசிக் கூட்டம். அதில் சரசு. மாமா வீட்டுக் கடவத்தை அவள்தான் சுமந்து வந்திருக்கிறாள். இடது காலை ஊன்றாமல் நொண்டி நொண்டி. நேராகக் கல்லுக்குப் போய் இறக்கினாள். கல்லில் கை வைத்துக் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு பெஞ்சில் வந்து உட்கார்ந்து காலை நீட்டினாள்.

குதிகாலில் சரல் ஏறியிருந்தது, நல்ல ஆழம். இடுக்கியால் எடுத்தேன். அவள் முனகக்கூட இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு மெதுவாகப் பேசினாள்.

“அத்தான், நாளைக்கு அப்பா வாறாவ.”

“தெரியும்.”

“நீங்க வேண்டாம்னு சொல்லணும்.”

நிமிர்ந்து பார்த்தேன். பெண் பார்க்க அக்காளைப் போல இல்லை. மாமாவின் மூக்கு, மாமாவின் பிடிவாதம்.

“வேற ஆள் யாரும் உண்டா?”

“ஆளு இருந்தாத்தான் வேண்டாம்னு சொல்லலாமா?”

பஞ்சை அயோடினில் நனைத்தேன்.

“அக்காளுக்க சேலையெல்லாம் அம்மை எனக்குன்னு மடிச்சு வச்சாச்சு. ஒங்க வீட்டுல அவ படுத்துக் கெடந்த மூணு நாளும் நான்தானே கூட இருந்தேன். அந்த முறி வாசலத் தாண்டி என்னால வரப் பற்றாது அத்தான். ஒங்களப் பாத்தா எனக்கு அக்காளுக்க மாப்பிளையாத்தான் தெரியுது. நான் சொன்னா யாரும் கேக்கல்ல. பொட்டப்பிள்ளைக்கு என்ன பேச்சுன்னு அப்பா சொல்லியாச்சு. நீங்க சொன்னா நிக்கும். நீங்க ஒண்ணும் சொல்லல்ல. அதத்தான் எல்லாரும் சம்மதம்னு சொல்லுகாவ.”

“எனக்கு எதுவும் தோணவில்லை சரசு. அதனால்தான் சொல்லவில்லை.”

“ஒங்களுக்குத் தோணல்ல. எனக்குத் தோணுகே.”

கட்டுப் போட்டேன். சரியாக வரவில்லை. அவிழ்த்துத் திரும்பப் போட்டேன். வண்டியில் போ என்றேன். கேட்கவில்லை. சும்மாட்டைச் சரி செய்தாள். கடவத்தைத் தூக்கி விடக் கை கொடுத்தேன். கனம். கட்டோடு நடந்து போனாள். புளியமர நிழல் தாண்டி வளைவு வரை பார்த்தேன்.

எனக்கு வெட்கமாக இருந்தது. ஆறு மாதத்தில் தோன்றிய முதல் விஷயம், அதுவும் இது. நான் மரத்துப்போய் உட்கார்ந்திருந்த நேரத்தில் ஒரு பெண்ணின் தலையில் என் மௌனத்தைத் தூக்கி வைத்திருக்கிறார்கள். நான் அதைக் கவனிக்கவும் இல்லை.

இரண்டு மணிக்குப் பந்தல் பிரித்தார்கள். அயோடின் ஒரு குப்பி மிச்சம். கத்தரியைக் காணவில்லை.

மாசி 13, திங்கள்

வெயில். டிஸ்பென்சரிக்கு மதியம் வருவதாகச் சொல்லி அனுப்பினேன். வீடு பெருக்கினேன். காப்பி போட்டேன், பால் திரிந்தது, திரும்பப் போட்டேன்.

ஒன்பது மணிக்கு மாமா. வெள்ளை வேட்டி, தோளில் நேரியல், கையில் வெற்றிலைப் பொதி. நெல் நடை பற்றி, விளைச்சல் பற்றி, சரல் ரோடு பற்றி. பிறகு பொதியை அவிழ்க்கப் போனார்.

“மாமா, வேண்டாம்” என்றேன்.

“வெத்தலையா?”

“கல்யாணம்.”

கை பொதி மேல் அப்படியே நின்றது. “இத்தன நாளு ஏன் மருமவனே சொல்லல்ல?”

“தப்புதான்.”

“எனக்க பிள்ளைக்கு என்ன கொற?”

“ஒரு குறையும் இல்லை. எனக்கு வேண்டாம், அவ்வளவுதான்.”

“அவ நேத்து ஓம்மகிட்ட வல்லதும் சொன்னாளா?”

“இல்லை. காலில் சரல் குத்தியிருந்தது. எடுத்துவிட்டேன்.”

பொய். இதைச் சொல்ல மட்டும் சிரமமே இருக்கவில்லை.

திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நல்லது. நேரியலால் முகத்தைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகுதான் தெரிந்தது அழுகிறார் என்று.

“சரசுவக் கெட்டிக்குடுக்க எனக்கு வேற எடமா இல்ல? இந்த வீட்டுக்கு வந்தா பகவதி நடந்த தறை, அவ வெள்ளம் கோரின கெணறு. அதுக்காக்கும் நான் ஓடி ஓடி வந்தது. நாள ஒமக்கு ஒருத்தி வருவா. அவளுக்க ஆளுவ வருவாவ. இனி நாங்க என்ன மொறையில இங்க வாறது?”

நான் ஒன்றும் சொல்லவில்லை. அவர் பொதியை எடுத்துக்கொண்டு எழுந்தார். காப்பியைக் குடிக்கவில்லை. படி இறங்கி, நடை தாண்டி, ரோட்டுக்குப் போய்விட்டார்.

இதையும் அவர் ஒரு பதிலாக எடுத்துக்கொண்டு போகிறார் என்று அப்போதுதான் உறைத்தது. சட்டை போடவில்லை, செருப்பும் இல்லை. ஓடினேன். முக்கு திரும்புமுன் பிடித்தேன்.

“மாமா. பகவதிக்க அப்பான்னு வாருங்க.”

ரோட்டில் ஆள் நடமாட்டம். கட்டை வண்டி ஒன்று எங்களுக்காக ஒதுங்கிப் போனது. நான் அழுதுகொண்டிருந்தேன், எல்லாரும் பார்க்க. அவள் இறந்த அன்று கூட அழவில்லை. நிறுத்த முடியவில்லை, நிறுத்தவும் தோன்றவில்லை.

மாமா என் தோளைப் பிடித்தார். நேரியலை எடுத்து என் மேல் போட்டார்.

“காப்பி ஆறியிருக்கும்” என்றார். திரும்பி என் வீட்டைப் பார்த்து நடந்தார்.